வாகே மதியச் சந்தை

ஊர்க் கம்பெனிக்கு என்னைத் தலைவியாக்கிய புண்ணியம் என் வாய்க்குத்தான் சேரும். ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் பாயில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் எழுந்து, "அரசாங்கம் குடுத்த காசுல ஊருக்குன்னு ஒரு தொழில் வைக்கணும்னு மூணு வருஷமா பேசுறீங்க. இதுவரைக்கும் தீர்ந்தது வேர்க்கடலை மட்டுந்தான்," என்று சொல்லித் தொலைத்தேன். ஊர்த்தலைவர் பிரயித்னோ வயசில் சின்னவர், பட்டணத்தில் படித்தவர், யாரையும் அதட்டத் தெரியாதவர். அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப வாகிரா அக்காவே எடுத்து நடத்தட்டும்," என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். சோயாவை அவித்து, வாழையிலையில் கட்டி, தெம்பே புளிக்கவைத்து, முப்பது வருஷமாகச் சந்தை சந்தையாகச் சுமந்து விற்றவளைப் பிடித்து முதலாளி ஆக்கிவிட்டார்கள்.

தெம்பேக்காரிக்கு என்ன தொழில் தோன்றும்? சந்தைதான் தோன்றியது. எங்கள் கரங்செங்கோன் மலைமேல் இருக்கிற ஊர். கிட்டத்துச் சந்தை என்றால் கீழே காலிவாரு, ஏழு கிலோமீட்டர். முதுகில் கூடையைத் துணியால் கட்டிக்கொண்டு இறங்கிப் போய் ஏறி வந்தால் முழங்கால் இரண்டும் ஒப்பாரி வைக்கும். சந்தை நம் ஊரிலேயே இருந்தால் மேடைக்கு வாடகை ஊருக்கு வரும். அந்தக் காசில் மருத்துவச்சிக்கு ஒரு நல்ல அறை கட்டலாம், மாசாமாசம் குழந்தைகளை எடை பார்க்கிற நாளில் ஆளுக்கு இரண்டு முட்டை கொடுக்கலாம். இதையெல்லாம் சொன்னபோது பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நாற்பது சிமெண்டு மேடை போட்டுத் தகரக் கூரையும் வேய்ந்துவிட்டோம்.

கூரை ஏறின மறுவாரமே தார்சோ வந்து நின்றார். கருப்பட்டி வியாபாரி. எங்கள் ஊரில் பாதி வீடு தென்னங்கருப்பட்டி காய்ச்சுகிற வீடு. காலையில் புருஷன்மார் மரம் ஏறிப் பதநீர் இறக்குவார்கள், அது புளிப்பதற்குள் பெண்டாட்டிமார் அடுப்பில் ஏற்றிக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிவிட வேண்டும். கருப்பட்டி இறுகி எடுக்கும்போது உச்சிவெயில் வந்துவிடும். தார்சோ தினமும் மதியத்துக்குமேல் வண்டியோடு வருவார், தன் தராசில் நிறுப்பார், தன் வாயாலேயே விலை சொல்வார், ஏற்றிக்கொண்டு போவார். பன்னிரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. அவருக்கு எங்கள் புதுக் கட்டடத்தின்மேல் கண்.

"மழைக்கு என் மூட்டையெல்லாம் நனையுது. இத எனக்குக் கிடங்கா குடுத்துடுங்க. வருஷ வாடகை முன்னாடியே தர்றேன். சந்தை கிந்தைன்னு எதுக்கு இந்தத் தலைவலி?" என்றார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. கையில் வருகிற காசை விடுவானேன் என்று பாதிப் பேர். இதுவும் அவர் கிடங்காகிவிட்டால் ஊரே அவர் பைக்குள் போய்விடும் என்று மீதிப் பேர். கடைசியில் பிரயித்னோ ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். திறப்பு விழா அன்றைக்குச் சந்தை கூடினால் சந்தை. கூடாவிட்டால் தாசில்தார் முன்னாலேயே தார்சோவுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிடுவது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கூடும்! கூடலேன்னா இந்தத் தலைவி வேலைய விட்டுட்டு, இவரு மூட்டைக்கு நானே காவல் காக்குறேன்!" என்றேன்.

"சம்பளம் பேசிக்கலாம்மா," என்றார் தார்சோ. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எந்த நாளில் கூட்டுவது என்பதில்தான் விஷயமே இருந்தது. எங்களுக்கு வாரம் இரண்டு. பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் ஏழு நாள் வாரம். சந்தைக்கு ஐந்து நாள் வாரம்: லெகி, பாஹிங், பொன், வாகே, கிளிவோன். இரண்டும் தத்தம் போக்கில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். நான் பிறந்தது வாகே அன்றைக்கு, அதனால்தான் வாகிரா. மலையைச் சுற்றி ஐந்து ஊர், ஐந்து சந்தை, ஆளுக்கு ஒரு நாள். எங்களுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

"அதனால என்ன, ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு வச்சுக்கலாம். எல்லாருக்கும் லீவு," என்றார் பிரயித்னோ.

ஊரே "சரிங்க" என்றது. எங்கள் ஊரில் பெரிய மனுஷர் முகத்துக்கு நேரே யாரும் மறுத்துப் பேசிவிட மாட்டோம். சரிங்க என்போம், தேநீரைக் குடிப்போம், வீட்டுக்குப் போய் நம் வேலையைப் பார்ப்போம். ஞாயிறு என்று தனியாக ஒரு நாள் வானத்தில் தொங்கவில்லை, அதுவும் ஐந்தில் ஏதாவது ஒன்றின் தலையில்தான் வந்து உட்காரும் என்று ஒரு வாய் பேசவில்லை. ஊரிலேயே நீளமான வாய் என்னுடையது, அதுவும் பேசவில்லை. எனக்கு அப்போது உறைக்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

சனிக்கிழமை ராத்திரி நாற்பது பலகாரப் பெட்டி கட்டினோம். ஒட்டரிசி உருண்டை, வாழைப்பழ அப்பம், மூடி ஒட்டின ஒரு தண்ணீர் டம்ளர். வாசலில் சிவப்பு நாடா கட்டினோம். ஒலிபெருக்கி ஏற்பாடு செய்தோம். படுத்தேன், விடிகாலை சுபுஹு பாங்குக்கு எழுந்தேன், தொழுதேன், கூடையில் தெம்பே அடுக்கினேன், முதுகில் கட்டினேன், நடந்தேன்.

காலிவாருவுக்கு!

ஆமாம், சிரியுங்கள். முப்பது வருஷமாக வாகே விடிந்தால் இந்தக் கால் காலிவாருவுக்குத்தான் போகும், அதற்கு என் அனுமதி வேண்டியதில்லை. ஞாயிறு திறப்பு விழா என்பது மண்டையில் ஒரு மூலையில் இருந்தது, இன்றைக்கு வாகே என்பது இன்னொரு மூலையில் இருந்தது. இரண்டும் ஒரே நாள் என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவே இல்லை. காலிவாருவில் என் வழக்கமான இடத்தில் சாக்கு விரித்தேன், பாதித் தெம்பே விற்றும்விட்டேன். பக்கத்துத் துணிக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் வாகிரா, இன்னிக்கு உங்க ஊர்லதானே சந்தை தொறப்பு? நான்கூட இங்க முடிச்சுட்டு ஒரு எட்டு வந்து பாக்கலாம்னு இருந்தேன். நீ இங்க என்னடி பண்ற?"

சுற்றிப் பார்த்தேன். யா அல்லா! எதிர் வரிசையில் வாழையிலை விற்கிற தூகினெம், எங்கள் அடுத்த வீட்டுக்காரி. அவளுக்குப் பின்னால் எங்கள் ஊர்க் கோழிக்காரி, மரவள்ளிக்காரி, கீரைக்காரி. என் சந்தையில் மேடைக்குப் பெயர் கொடுத்த அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து அடுத்த ஊர்ச் சந்தையில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏய் தூகினெம்! இன்னிக்குத் தொறப்பு விழாடி! நீ ஏன் இங்க வந்த?"

"நீங்கதான் கூடையக் கட்டிக்கிட்டு முன்னாடி போனீங்க அக்கா. தலைவியே போறாங்களே, விழா இல்லபோலன்னு நாங்களும் பின்னாலயே வந்துட்டோம்."

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"பெரியவங்களப் போயி எப்படிக் கேக்குறது?" என்றாள். கேட்டால் நான் சங்கடப்படுவேனாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

கூடைக்கு அடியிலிருந்து போனை எடுத்தால் பதினோரு தடவை பிரயித்னோ கூப்பிட்டிருந்தார். திரும்ப அடித்தேன். ரகசியம் பேசுகிற குரலில் எடுத்தார்.

"அக்கா, எங்க இருக்கீங்க? தாசில்தார் வந்துட்டாரு. அவரு, நானு, தார்சோ மாமா, மூணே பேரு. கட்டடம் காத்து வாங்குது. மாமா கையில அளவு நாடா இருக்கு. வடக்குச் சுவர அளக்குறாரு."

"அளக்கட்டும். தாசில்தார எப்படியாச்சும் பத்தரை வரைக்கும் நிறுத்தி வை தம்பி."

"எப்படிக்கா? இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. நான் என்னத்தப் பேச?"

"நீ பேசாத, நீ பேசினா அவரு கிளம்பிடுவாரு. அவருக்குப் பாட்டுன்னா உசிரு. கல்யாண வீட்ல மைக்க விட மாட்டாருன்னு ஊருக்கே தெரியும். ஒலிபெருக்கியப் போட்டு மைக்க அவர் கையில குடுத்துடு."

போனை வைத்தேன். பத்தரைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்போதே ஓடினாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கள் பதினைந்து பேரும் மேலே போய் யாருக்கு விற்பது? வாங்குகிறவன், விற்கிறவன், வண்டிக்காரன் எல்லாரும் இங்கே, காலிவாருவில், வாகே சந்தையில். அடுத்த ஞாயிறு லெகி வரும், அப்போது அவர்கள் வேறு ஊரில் இருப்பார்கள். எந்த ஞாயிறு வைத்தாலும் இந்தக் கதைதான். சந்தை நாளை நான் கும்பிட்டுக் கூப்பிட்டாலும் மாற்ற முடியாது.

அப்போதுதான் துணிக்காரி சொன்னது மறுபடி காதில் விழுந்த மாதிரி இருந்தது. இங்க முடிச்சுட்டு. சந்தை ஒன்பது மணிக்கெல்லாம் ஓய்ந்துவிடும். அதற்கப்புறம் இந்த ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? விற்காத சரக்கை மூட்டை கட்டி வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள்.

என் வீட்டுக்காரர் பாய்மின் மர லாரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை தூங்குகிற ஆள். போனில் எழுப்பினேன்.

"லாரிய எடுத்துக்கிட்டு காலிவாரு வாங்க."

"இன்னிக்கு லீவு."

"லீவா? வரலேன்னா இனி எல்லா நாளும் உங்களுக்கு லீவுதான், சோத்துக்கும் சேர்த்து!"

வந்தார். ஒன்பது மணிக்கு நான் கோழி வெட்டுகிற கட்டையின்மேல் ஏறி நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க! விக்காத சரக்கு வச்சிருக்கவங்க யாரும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. லாரி நிக்குது, ஏறுங்க. கரங்செங்கோன்ல இன்னிக்கு மதியம் சந்தை. போக வர வண்டிக்காசு கிடையாது. முதல்ல ஏறுற நாப்பது பேருக்குப் பலகாரப் பெட்டி!"

"மதியத்துல எவன் சந்தைக்கு வருவான்?" என்று கத்தி விற்கிறவன் கேட்டான்.

"காலைல வர முடியாதவன் வருவான்!" என்றேன். வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன்.

துணிக்காரி தயங்கினாள். "மேல வந்து ஒண்ணும் போணியாகலேன்னா?"

"ஆகலேன்னா உன் சீட்டித்துணி அத்தனையும் நானே வாங்கி நாளுக்கு ஒண்ணா கட்டிக்கிறேன். ஏறுடி!"

அவள் ஏறினாள். அவள் ஏறினதும் பாத்திரக்காரர் ஏறினார். மூலிகைக் கஷாயக்காரி பாட்டில் கூடையோடு ஏறினாள். கருவாட்டுக்காரி, செருப்புக்காரன், இரும்புச் சாமான்காரர், கடைசியில் கத்திக்காரனும் ஏறினான். லாரி பொங்கி வழிந்தது. தூகினெம் வாழையிலைக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, பெட்டி நாப்பதுதான். இங்க எழுபது பேரு," என்றாள். "பாதிப் பாதி தின்னுங்க," என்றேன்.

மூன்றாவது வளைவிலேயே தாசில்தாரின் குரல் கேட்டது. காதல் தோல்விப் பாட்டு. மலை முழுக்க அழுதது. கட்டடத்தின் முன்னால் லாரி நின்றபோது பிரயித்னோ ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "இது பதினேழாவது பாட்டு அக்கா," என்றார். தார்சோ அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே லாரியைப் பார்த்தார். தாசில்தாரோ கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது எதிரே எழுபது பேர் நிற்பதைப் பார்த்து, தன் பாட்டுக்குத்தான் கூட்டம் கூடியது என்று நினைத்து, இன்னொன்று பாடினார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

நாடா வெட்டியாயிற்று. மேடைகளில் சரக்குப் பரப்பியாயிற்று. விற்கிறவர்கள் தயார். வாங்க ஒருத்தரும் இல்லை. காலை முழுக்க வீணாகப் போய்விட்டது, மணி பதினொன்று. கத்திக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். தார்சோ ஒரு மேடைமேல் வசதியாக உட்கார்ந்து, "ஏம்மா, காவல் வேலைக்கு ராத்திரி டார்ச் லைட் நானே வாங்கித் தந்துடறேன்," என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. என் ஆயுசில் முதல் தடவை என்று பாய்மின் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

பதினொன்றரை மணிக்குப் படியேறி ஒருத்தி வந்தாள். லெகினா. மலையின் மேல்புறம் கருப்பட்டி காய்ச்சுகிறவள், முப்பது வயசிருக்கும். முகமெல்லாம் அடுப்புக் கரி, புடவைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"யாரு அக்கா அது, காலைலேர்ந்து அழுதுக்கிட்டே இருக்காரு? யாரோ செத்துட்டாங்கன்னு பயந்துட்டோம். அடுப்ப விட்டு வர முடியல. இப்பத்தான் சிரட்டையில ஊத்திட்டு ஓடி வர்றேன்," என்றாள். அப்புறம்தான் உள்ளே பார்த்தாள். துணி, செருப்பு, கருவாடு, பாத்திரம். வாயைப் பிளந்து நின்றாள். "இதெல்லாம் நம்ம ஊர்லயா?"

"நீ சந்தை பாத்ததில்லையா லெகினா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. அப்புறம் எங்கக்கா? காலைல பதநீர் இறங்குது. நான் சந்தைக்குப் போனா அடுப்ப யாரு பாக்குறது?"

எனக்கு யாரோ பொறி தட்டிவிட்ட மாதிரி இருந்தது. காலை ஏழு மணிச் சந்தை! ஊரில் பாதி வீடு கருப்பட்டி வீடு, காலை ஏழு மணிக்கு அந்தப் பெண்களில் ஒருத்தியாவது அடுப்பை விட்டு எழுந்திருக்க முடியுமா? யாருக்காகக் கட்டடம் கட்டினேனோ அவர்கள் வரவே முடியாத நேரத்தில் சந்தை வைத்திருக்கிறேன். அவர்களும் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தெம்பேக்காரி புத்தி தெம்பே அளவுக்குத்தான் போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தைவிட சந்தோஷம் ஜாஸ்தியாக இருந்தது.

துணிக்காரி அவளைப் பார்த்துக் கேட்டாள். "கருப்பட்டியா காய்ச்சுறீங்க? எங்க ஊர்ல அப்பம் சுடுறவங்க நல்ல கருப்பட்டிக்கு அலையறாங்க. இருந்தா கொண்டாங்க, பாப்போம்."

லெகினா ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு மேல்புறத்தைப் பார்த்து ஓடினாள். ஓடிக்கொண்டே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கத்துவது எங்களுக்குக் கேட்டது. "அடுப்ப அணைங்கடி! கூடைய எடுங்கடி! சந்தை நம்மளத் தேடி வந்திருக்கு!"

மதியம் லுஹர் தொழுகை முடிந்தபோது வழி முழுக்கப் பெண்கள். முதுகுக் கூடையில் இன்னும் சூடு ஆறாத கருப்பட்டி. பின்னாலேயே மரத்திலிருந்து இறங்கிய ஆண்கள், குழந்தைகள், ஆட்டுக்குப் புல் அறுக்கப் போனவர்கள். நாற்பது மேடை பத்தவில்லை, படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். கருப்பட்டி வாசனையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து மூக்கைத் துளைத்தது. கத்திக்காரன் பதினெட்டு அரிவாள் விற்றுவிட்டு என்னிடம் வந்து, "அடுத்த வாகேக்கும் லாரி வருமா அக்கா?" என்றான். கஷாயக்காரி தாசில்தாரின் தொண்டைக்கு இஞ்சிக் கஷாயம் கொடுத்துக் காசும் வாங்கிக்கொண்டாள்.

தாசில்தார் கஷாயத்தைக் குடித்தபடியே பிரயித்னோவிடம் கேட்டார். "நல்லாக் கூடியிருக்கே! கிடங்கு ஒப்பந்தம்னு ஏதோ கையெழுத்துப் போடணும்னீங்களே, அது எங்க?"

பிரயித்னோ என்னைப் பார்த்தார். பிறகு, யாரையும் மறுத்தே பேசாத அந்தப் பிள்ளை, நிமிர்ந்து நின்று, "அது வேண்டியதில்லீங்க. இது சந்தை," என்றார். எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அடுத்தது எப்போ? ஞாயிறா?"

ஊரே ஒரே குரலில் கத்தியது. "வாகே! மதியம்!"

தார்சோ இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வியாபாரி அல்லவா, சட்டென்று எழுந்து வழக்கம்போல லெகினாவிடம் போனார். அவள் முன்னால் கருப்பட்டி மலை மாதிரி குவிந்திருந்தது. துணிக்காரியும் பாத்திரக்காரரும் அவள் முன்னால் குந்தியிருந்தார்கள்.

"என்ன லெகினா, எடுத்து வண்டியில ஏத்து. கிலோ பன்னெண்டாயிரம் ரூபியா, வழக்கம்போல."

லெகினா தலை நிமிர்த்தாமல் ஒரு கருப்பட்டியைச் சிரட்டையிலிருந்து தட்டி எடுத்தாள். எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் மறுக்க மாட்டோம் என்று சொன்னேனே. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், இது அவள் சரக்கு.

"இவங்க பதினெட்டாயிரத்துக்குக் கேட்டிருக்காங்க மாமா," என்றாள்.

தார்சோ துணிக்காரியைப் பார்த்தார், பாத்திரக்காரரைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். பட்டணத்தில் அவருக்காகக் கடைக்காரர்கள் காத்திருப்பார்கள். வெறும் வண்டியோடு அவர் இறங்க முடியாது.

"சரி... பதினெட்டுக்கே போடு. எனக்கு நாப்பது கிலோ."

"போடறேன் மாமா. அவங்க ரெண்டு பேரும் முன்னாடியே வந்தவங்க. கொஞ்சம் நில்லுங்க," என்றாள் லெகினா.

தார்சோ பாத்திரக்காரருக்குப் பின்னால் போய் நின்றார். தூகினெம் அவர் கையில் பாதிப் பலகாரப் பெட்டி ஒன்றைக் கொடுத்தாள். அவரும் அதைத் தின்றுகொண்டே தன் முறைக்காகக் காத்திருந்தார்.